தெருநாய்க் குட்டியை வீட்டுக்கு அழைத்து வருவோருக்கு

கார்த்திகை, மார்கழி மாதங்களில் நம் ஊர்த் தெருக்களில் நாய்க்குட்டிகள் அதிகம் கண்ணில் படும். மழைநீர் வடிகாலின் ஓரத்திலோ, கட்டி முடியாத வீட்டின் மணல் குவியலிலோ நான்கைந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். இரண்டு வாரம் கழித்து அதே வழியாகப் போனால் ஒன்றோ இரண்டோதான் மிச்சம் இருக்கும். அப்படி மிஞ்சிய குட்டியைத் தூக்கி வந்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று விழிப்பவர்களுக்காகவும், காப்பகத்திலிருந்து ஒரு நாயை முதன்முறையாகத் தத்தெடுக்க இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அழைத்து வருவது ஒரு மாலைப் பொழுதின் வேலைதான். ஆனால் தெருவில் பிறந்த நாய், தெருவின் புழுக்களையும் உண்ணிகளையும் கிருமிகளையும் அச்சத்தையும் தன்னோடு கொண்டுதான் வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை முதல் நாளில் கண்ணுக்குத் தெரியாது. தெரிய வரும் முன்பே அவற்றைக் கவனித்துவிடுவதுதான் முதல் மூன்று மாதங்களில் நம்முடைய வேலை.

எந்த நாயை, எங்கிருந்து

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாய் கண்ணில் படாவிட்டாலும், நீங்கள் பார்க்கும்போது அது இரை தேடிப் போயிருக்கக்கூடும். சற்றுத் தொலைவில் நின்று ஓரிரு மணி நேரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குட்டியின் வயதைப் பற்கள் ஓரளவு சொல்லிவிடும். மூன்று வாரத்தில்தான் பால்பற்கள் முளைக்கத் தொடங்கும். ஊசிமுனை போன்ற அந்தப் பற்கள் எல்லாம் நிறைந்திருந்தால் ஏறத்தாழ எட்டு வாரம் என்று கொள்ளலாம். முன்பற்கள் விழுந்து அகலமான பற்கள் எட்டிப் பார்த்தால் நான்கு மாதம் ஆகியிருக்கும்.

வளர்ந்த நாயைப் பொறுத்தவரை என் கருத்து சற்று வேறு. ஒரு தெருவில் பல ஆண்டுகளாக வாழ்ந்து, டீக்கடைக்காரரையும் காவலாளியையும் பழகி, தன் எல்லையை அறிந்து நலமாக இருக்கும் நாயைப் பிடித்து வந்து மூன்றாவது மாடிக் குடியிருப்பில் அடைப்பது எல்லா நேரத்திலும் உதவி ஆகிவிடாது. அதற்குக் கருத்தடையும் ஆண்டுக்கொரு ரேபிஸ் ஊசியும் கிடைக்கச் செய்வதே பெரும்பாலும் போதும். காது நுனியில் சிறு வெட்டு இருந்தால், அந்த நாய்க்கு ஏற்கெனவே கருத்தடை நடந்திருக்கிறது என்று அறியலாம். விபத்தில் அடிபட்டவை, வளர்த்தவர்களால் கைவிடப்பட்டவை, வயது முதிர்ந்தவை ஆகியவற்றுக்குத்தான் வீடு உண்மையில் தேவை. கைவிடப்பட்ட நாயை அதன் தவிப்பே காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து பார்க்கும்.

காப்பகங்கள் இன்று பல ஊர்களில் உள்ளன. சென்னையின் ப்ளூ கிராஸ் அவற்றுள் பழமையான ஒன்று. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்ய வேண்டும் என்று அது நெடுங்காலம் வலியுறுத்தி வந்தது, 1996இல் சென்னை மாநகராட்சியும் அந்த வழிக்கு வந்தது. காப்பகத்திலிருந்து எடுக்கும்போது தடுப்பூசி அட்டை, குடற்புழு நீக்கிய தேதி, கருத்தடை நடந்திருந்தால் அதன் சான்று ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தத்துக் கொடுப்பவர்கள் உங்கள் வீட்டை வந்து பார்க்க வேண்டும் என்றாலோ, ஆறு மாதத்தில் கருத்தடை செய்வேன் என்று எழுதித் தரச் சொன்னாலோ முகம் சுளிக்க வேண்டாம். எதையும் கேட்காமல் குட்டியைக் கையில் திணிப்பவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நாட்டு நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் கூட வாழும். ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வாடகை வீடு மாறினால் என்ன செய்வது என்பவற்றுக்கு இப்போதே விடை இருக்க வேண்டும்.

முதல் வழி மருத்துவரிடம்

குட்டியை நேரே வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது நல்லது. தனியார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் இணைந்துள்ளன. ஊர்தோறும் அரசுக் கால்நடை மருந்தகங்களும் உண்டு. மாடும் ஆடும் நிற்கும் வரிசையில் குட்டியோடு நிற்கச் சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, நாயையும் பார்ப்பார்கள்.

மருத்துவர் பார்ப்பதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய சிலவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள், இவை ஆயுள் முழுதும் பயன்படும். மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் அந்த இடம் வெளுத்து, விரலை எடுத்த இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெள்ளைக் காகிதம் போல் இருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. குட்டிகளில் பெரும்பாலும் கொக்கிப்புழுவோ உண்ணியோ அதற்குக் காரணமாக இருக்கும். தோள்பட்டைக்கு மேலிருக்கும் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டுப் பாருங்கள். உடனே படியாமல் கூடாரம் போல் நின்றால் உடலில் நீர்ச்சத்து வற்றியிருக்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. நம் கைக்கு அது சுடுவது போலத்தான் இருக்கும் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது. இருபது நொடியில் காட்டும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை நாய்க்கென்று தனியாக வாங்கி வையுங்கள்.

உடலில் முடி கொட்டி, தோல் தடித்து, சொறி பிடித்திருந்தால் வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், மெக்கானிக் கடைக் கழிவு ஆயில் என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். கழிவு ஆயிலைத் தடவினால் நாய் அதை நக்கும். சொறியைவிட அது கொடியது. சொறி இருவகை. ஒன்று மற்ற விலங்குகளுக்குத் தொற்றும், நம் கைகளிலும் சில நாள் அரிப்பைத் தரும், மற்றொன்று தொற்றாது. தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும், இரண்டுக்கும் இன்று நல்ல மருந்து உண்டு.

முதல் சில நாட்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, வந்த அன்றே நாயைக் குளிப்பாட்டுவது. இரண்டாவது, உறவினர்களை எல்லாம் அழைத்துக் காட்டுவது. தெருவில் இருந்த குட்டிக்குக் கூரை, மின்விசிறி, மிக்சி, குக்கர் விசில், கண்ணாடி போல் வழுக்கும் டைல்ஸ் தரை எல்லாமே புதிது. அதற்கு வீட்டின் ஒரு மூலையை ஒதுக்கி, பழைய புடவையோ சாக்கோ விரித்து, தண்ணீர்க் கிண்ணம் வைத்துவிட்டு, நீங்கள் அருகில் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருங்கள். கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டால் இழுக்காதீர்கள். என் வீட்டில் இப்போது சோபாவை முழுதாகப் பிடித்துக்கொண்டு உறங்கும் நாய், முதல் நான்கு நாட்கள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தது. ஐந்தாம் நாள் நள்ளிரவில், நாங்கள் உறங்கிவிட்டோம் என்று நம்பி, அறை அறையாகச் சென்று ஒவ்வொருவர் காலையும் முகர்ந்துவிட்டுப் போனது. அழுத்தம் இல்லாமல் விட்டால் பெரும்பாலான நாய்கள் மூன்று நாளில் உண்ணத் தொடங்கி, மூன்று வாரத்தில் வீட்டின் நேர ஒழுங்கைப் புரிந்துகொண்டு, மூன்று மாதத்தில் தன் உண்மையான இயல்பைக் காட்டும்.

ஓடிப்போவதும் இந்த முதல் வாரத்தில்தான் நடக்கும். தெருநாயை முதலில் ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்), காலர் இரண்டும் போட்டு, இரண்டுக்கும் கயிறு இணைத்துத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். காலருக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையலாம், மூன்று நுழைந்தால் தலையை உருவிக்கொண்டு போய்விடும். வாசல் கிரில் கேட்டின் கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழையுமா என்று பார்த்து, நுழையும் என்றால் வலை கட்டுங்கள். பால்கனிக்கும் அதே விதிதான்; பூனை என்றால் பால்கனி வலை கட்டாயம், பூனை விழாது என்ற நம்பிக்கையில் மாடியிலிருந்து பூனையை இழந்தவர்கள் நிறைய.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், புதியதை இரண்டு வாரமாவது தனி அறையில் வைத்து, தனிக் கிண்ணத்தில் உணவிடுங்கள். இது சண்டையைத் தவிர்க்க மட்டும் அன்று. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் உடலில் ஒளிந்திருந்தால் வெளிப்படுவதற்கான காலம் அது. அதன் பிறகு இரண்டையும் வீட்டுக்குள் அல்லாமல் வெளியே பொதுவான ஓரிடத்தில், சற்று இடைவெளி விட்டு ஒரே திசையில் நடக்கவைத்து அறிமுகப்படுத்துங்கள்.

ஊசியும் குடற்புழு மருந்தும்

குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான கூட்டு ஊசி அது. பின்னர் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் நிறையும் வரை தொடர வேண்டும். ஒரே ஊசி போதாதா என்று கேட்பவர்களுக்கு: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை அது ஊசியின் வேலையையும் தடுத்துவிடும், அந்த ஆற்றல் எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். அடுத்த ஊக்க ஊசிக்கு மருத்துவர் சொல்லும் தேதியைத் தவறவிடாமல், பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். முன்கதை தெரியாத வளர்ந்த நாய்க்குக் கூட்டு ஊசி மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு முறையும், ரேபிஸ் ஊசியும் போடுவார்கள். ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தன்று அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசியை இலவசமாகப் போடும் முகாம்கள் நடக்கும். 1885இல் லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு ரேபிஸ் ஊசி போட்ட நாள் அது.

கடைசிக் கூட்டு ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெரு மண்ணில் இறக்கக் கூடாது. ஆனால் அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்காதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை நாய் எதைப் பார்க்கிறதோ அதற்குப் பழகிவிடும், பார்க்காததற்குப் பிற்காலத்தில் அஞ்சும். கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவரை சென்று, ஆட்டோவையும் குடைபிடித்தவரையும் பள்ளிப் பிள்ளைகளையும் காட்டிவிட்டு வரலாம்.

குட்டி திடீரென்று உணவை மறுத்து, வாந்தி எடுத்து, நாற்றத்துடன் இரத்தம் கலந்து கழிந்தால் அது பார்வோவாக இருக்கலாம். மறுநாள் காலை வரை காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், நாம் தரை துடைக்கும் பினாயிலுக்கு அது அசையாது. ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால்தான் அழியும். முன்பு பார்வோவில் குட்டி இறந்த வீடு என்றால், அடுத்ததாக ஊசிகள் முடிந்த வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது அறிவுடைமை.

குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது, ஆகவே ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைப் பொறியில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் போதும். மருந்து கொடுத்த மறுநாள் நூடுல்ஸ் போன்ற புழுக்கள் விழுந்தால் அஞ்ச வேண்டாம், அதற்குத்தான் மருந்து கொடுத்தோம்.

உண்ணி

இதைச் சற்று நீட்டியே சொல்லப் போகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டின் வெயிலிலும் புழுக்கத்திலும் நாய்களை அதிகம் வாட்டுவது இதுதான், வளர்ப்பவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவதும் இதைத்தான்.

காதின் உள்மடிப்பு, விரல்களின் இடுக்கு, காலருக்கு அடியில், வால் தொடங்கும் இடம் ஆகிய நான்கையும் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். இளம் உண்ணி எள்ளளவுதான் இருக்கும். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஆமணக்கு விதையைப் போல் சாம்பல் நிறத்தில் தொங்கும். அதைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது; தீக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் வைப்பதும் உண்ணியைத் தன் எச்சிலை நாயின் உடலுக்குள் மேலும் கக்க வைக்கும்.

ஆனால் நாயின் மேல் நாம் காண்பது சிறு பகுதிதான். நாய் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாய்க்கு வெளியே கழிக்கிறது. குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என ஒவ்வொரு பருவத்திலும் ஏறி இரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்து, சுவர் விரிசலில் ஒளிந்து தோலுரித்து, மீண்டும் ஏறும். பெண் உண்ணி ஒரே முறையில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டு இறக்கும். உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உண்டு என்பதால் தரையை மட்டும் துடைத்துப் பயனில்லை. கதவு நிலையின் இடுக்கு, திரைச்சீலையின் மடிப்பு, சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரின் பின்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். நாயிடம் ஒரு உண்ணியும் இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த மாதத்தில், காலண்டரைக் கழற்றியபோது அதன் அட்டைக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஆகவே நாய்க்கு மருந்து கொடுப்பதோடு படுக்கைத் துணியைக் கொதிநீரில் அலசி, விரிசல்களைச் சுண்ணாம்போ சிமெண்டோ வைத்து அடைத்து, மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டும்.

மருந்தில் மாத்திரை, கழுத்தில் விடும் சொட்டு மருந்து, காலர் என்று பலவகை உண்டு. ஃப்ளூராலனர், அஃபோக்ஸோலனர் வகை மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம் தேவை: நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும், மருந்து விட்ட நாயோடு பூனை ஒட்டி உறங்கினாலே போதும்.

உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகளில் எர்லிக்கியா, பெபீசியா இரண்டும் நம் ஊரில் பரவலானவை. சோர்வு, காய்ச்சல், உணவில் வெறுப்பு, வெளிறிய ஈறு, காப்பி நிறச் சிறுநீர், மூக்கில் இரத்தம் ஆகியவை அறிகுறிகள். எர்லிக்கியாவின் தந்திரம், முதல் காய்ச்சல் தானே தணிந்ததும் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் பதுங்கியிருப்பது. எங்கள் முதல் நாய்க்கு வீட்டுக்கு வந்து இரண்டு கோடை கழித்து மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தபோது, உடம்புச் சூடு என்று சொல்லி மோரும் இளநீரும் கொடுத்து மூன்று நாட்களை வீணடித்தோம். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம் கொடுத்துத் தேறியது. அதனால்தான் தெருவிலிருந்து எடுக்கும் எந்த நாய்க்கும், பார்க்க எவ்வளவு துறுதுறுவென்று இருந்தாலும், முதல் மாதத்தில் ஒரு முழு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். மாத்திரை தொடங்கிய நான்காம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும், அதைப் பார்த்து மருந்தை நிறுத்தக் கூடாது.

உணவு

குட்டிக்கு மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. பாக்கெட் உணவுதான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேகவைத்த கோழி, முட்டை, சோறு, பூசணி, கேரட் ஆகியவற்றை உப்பும் மசாலாவும் இல்லாமல் கொடுத்து நன்றாக வளர்க்கலாம். ஆனால் வெறும் சோறும் கறியும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச்சத்து போதாமல் முன்னங்கால்கள் வளைந்துவிடும். அதை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும், அதிகமானாலும் தீங்குதான். தயிர்ச்சாதம் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும், பால் பலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் கழியும். பூனையைத் தயிர்ச்சாதத்தில் வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்து கிடைக்காவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும்.

வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும், எனவே மிஞ்சிய சாம்பாரும் குழம்பும் வேண்டாம். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல் வைக்கும் நாட்களில் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், வேகவைத்த கோழி எலும்பு ஆகியவையும் கூடாது.

வீட்டுக்குள் இருக்கும் நஞ்சுகள்

காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையில் கால் துண்டைப் பூனைக்குக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் துண்டே பூனையைக் கொல்லும். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் நாய்க்கும் கொடுக்க வேண்டாம். தரையில் பினாயில் தெளித்தால் ஈரம் காய்வதற்குள் பூனை நடந்து, பாதத்தை நக்கி, நஞ்சேறும். பூனை உள்ள வீட்டில் பினாயிலை அடியோடு விட்டுவிட்டுச் சோப்புத் தண்ணீருக்கு மாறுவதே நல்லது. பீரோவில் போடும் அந்துருண்டை, பூஜை அறைக் கற்பூரம், எலி மருந்து எல்லாம் எட்டாத உயரத்தில் பூட்டி வைக்க வேண்டியவை. எலி மருந்து தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்து உண்டு.

செடிகளில் அரளியும் செங்காந்தளும் நமக்கே தெரிந்த நஞ்சுகள். அழகுக்காகத் தொட்டியில் வைக்கும் சைக்கஸ் பனை நாயின் கல்லீரலை அழிக்கும், அதன் விதை மிகவும் கொடியது. லில்லி மலர்களின் மகரந்தம் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எதையாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். தின்ற பொருளின் அட்டையையோ இலையையோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரை நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து வரும் எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். இதற்கும் ஆண்டுதோறும் ஊசி உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில் பகல் நடை வேண்டாம். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது.

கடித்தால், கீறினால்

குட்டிதானே, பால்பல்தானே என்று விட்டுவிடுவதுபோல் ஆபத்தானது வேறில்லை. ஊசி போடப்படாத தெருக்குட்டியின் உடலில் ரேபிஸ் வைரஸ் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடங்கியிருக்கக்கூடும். நோய் வெளிப்பட்டபின் மனிதரையும் விலங்கையும் காப்பாற்றும் மருந்து கிடையாது. பல் பட்டாலோ, நகம் கீறினாலோ, ஏற்கெனவே உள்ள புண்ணை நக்கினாலோ, ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது புரியும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். இரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றிச் செலுத்தும், உடனடி எதிர்ப்பாற்றல் தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவையா என்று கேளுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது உண்டுதான், ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று உங்கள் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. தொடர்ந்து மீட்பு வேலை செய்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடுவதில்லை என்ற ஒரே விதியை நாய் வருவதற்கு முந்தின நாளே பழக்கிவிடுங்கள்.

கருத்தடை, உரிமம், அக்கம்பக்கம்

ஏறக்குறைய ஆறு மாதத்தில் கருத்தடை. பெண் நாய்க்கு இது தேவையற்ற ஈற்றைத் தடுப்பதோடு, பின்னாளில் வரக்கூடிய கருப்பைச் சீழையும் மார்புக் கட்டிகளையும் பெரிதும் தவிர்க்கும். ஒருமுறையாவது குட்டி போடட்டும், அப்போதுதான் உடம்புக்கு நல்லது என்பதில் உண்மை இல்லை. பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும் என்பதால் அதற்கு இன்னும் முந்திக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் பத்து நாள் தையலை நக்காமல் கழுத்துக் கூம்பு போட வேண்டும்.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும். ரேபிஸ் ஊசிச் சான்று அதற்கு அவசியம்; மைக்ரோசிப் பொருத்துவதையும் இப்போது அதனோடு இணைத்திருக்கிறார்கள். நாட்டு நாய்க்கு எதற்கு உரிமம் என்று விட்டுவிட வேண்டாம், தொலைந்துபோனால் அது உங்கள் நாய்தான் என்று காட்ட உதவும் ஆவணம் அது. அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்றோ, மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்றோ தடை போட முடியாது என்பதை இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக்கியிருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போவதற்கு முன், கயிறு இல்லாமல் வெளியே விடுவதில்லை, கழிவைப் பழைய செய்தித்தாளில் எடுத்துப் போடாமல் நகர்வதில்லை என்ற இரண்டையும் ஒரு மாதம் ஒழுங்காகக் கடைப்பிடித்துப் பாருங்கள். பாதிப் புகார்கள் எழவே எழாது.

தீபாவளி

முதல் தீபாவளியை வந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், ஏனெனில் வீட்டு நாய்கள் அதிகம் காணாமல் போவது அந்த இரண்டு மூன்று நாட்களில். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் தனக்குப் பழகிய தெருவைக்கூட அடையாளம் காணாமல் ஓடும். காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று அரசு நேரம் குறித்தாலும், தெருவில் முந்தின இரவே தொடங்கிவிடும். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே உள்ளறை ஒன்றில் படுக்கவும் உண்ணவும் பழக்குங்கள். அன்று சன்னலைச் சாத்தி, கனமான துணியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, தொலைக்காட்சியைச் சத்தமாக வையுங்கள். மிகவும் அஞ்சும் நாய்க்கு மருத்துவர் தரும் பதற்றம் தணிக்கும் மாத்திரையை முன்பே ஒருமுறை கொடுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு, எண்ணெய்க் குளியலுக்கு வீடு எழும் முன், கயிற்றோடு வெளியே கொண்டுபோய்ச் சிறுநீர் கழிக்கவைத்து வந்துவிடுங்கள். மாலை நடையை ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள். பலகாரத் தட்டோடு ஆட்கள் வந்து போகும் நாள் என்பதால் வாசல் கதவருகே ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். அறைக்குள்தானே இருக்கிறது என்று காலரைக் கழற்றி வைக்காதீர்கள், உங்கள் கைபேசி எண் பொறித்த தகடு அதில்தான் இருக்கிறது.